பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தனி வக்கீல்: போக்சோ வழக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை இந்தியாவில் போக்சோ சட்டத்தின் கீழ் விசாரிக்கிறார்கள். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும், ஆணோ பெண்ணோ, குழந்தைதான். புகார் கொடுத்த குடும்பங்கள் போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைகின்றன. குழந்தைக்காக மட்டும் யோசிக்கிற ஒரு வக்கீலை இலவசமாகவே கேட்டு வாங்கலாம் என்பது அவர்களில் பலருக்குக் கடைசி வரை தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்கள். அலுவலகப் பெயர்கள் தமிழ்நாட்டில் வழங்குபவை. சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான்.

அரசு வக்கீல் நமக்காகத்தானே வாதாடுகிறார்? தனி வக்கீல் எதற்கு?

ஓரளவுக்குத்தான் நமக்காக. குற்ற வழக்கை நடத்துவது அரசு. சிறப்பு அரசு வழக்கறிஞர், அதாவது கோர்ட்டில் எல்லாரும் பி.பி. என்று சொல்பவர், அரசின் சார்பில் நிற்கிறார். குழந்தை அவருடைய கட்சிக்காரர் அல்ல, வழக்கின் முக்கியமான சாட்சி. அவர் எவ்வளவு நல்லவராக, திறமையானவராக இருந்தாலும் இந்த நிலை மாறாது. கையில் நிறைய வழக்குகளை வைத்திருப்பவர், சாட்சி சொல்ல வந்த அன்று காலையில்தான் குழந்தையை முதன்முறையாகப் பார்க்கிறார் என்பதும் நடக்கிறது.

ஆனால் குடும்பத்துக்கு எழும் சந்தேகங்கள் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் பிள்ளை சொன்ன ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது, என்ன செய்வது? எதிர்த்தரப்பு ஆட்கள் தெருமுனையில் வந்து நிற்கிறார்கள், யாரிடம் சொல்வது? பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், வாங்கத்தான் வேண்டுமா? இவற்றுக்குப் பதில் சொல்வது பி.பி.யின் வேலை இல்லை. போலீஸ் சொல்லலாம். ஆனால் விசாரணையில் குறை வைத்தது போலீசாகவே இருந்தால்? யாருக்கும் கட்டுப்படாமல், குழந்தைக்கு எது நல்லது என்று மட்டும் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, குழந்தையின் குடும்பமோ பாதுகாவலரோ தங்களுக்கு விருப்பமான வக்கீலை வைத்துக்கொள்ளலாம். செலவுக்கு வழியில்லை என்றால், இலவச சட்ட உதவிக்கான அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலைத் தர வேண்டும். "தரலாம்" அல்ல, தந்தே ஆக வேண்டும்.

இந்தப் பிரிவில் ஒரு குறை உண்டு. உரிமையைக் குடும்பத்துக்கும் பாதுகாவலருக்கும் கொடுக்கிறதே தவிர, குழந்தைக்கு என்று நேராகச் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் குழந்தையின் பக்கம் நிற்கும்வரை இது உறுத்தாது. வீட்டுக்குள்ளேயே குற்றம் நடந்திருந்தால் பெரிதாக உறுத்தும். அந்த இடைவெளியை ஓரளவு அடைப்பவை வேறு இரண்டு சட்ட வழிகள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 7ஆம் விதிப்படி, குழந்தைக்குச் சட்ட உதவி தரும்படி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் குழந்தைகள் நலக் குழு, அதாவது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைக் கவனிக்கும் அரசுக் குழு, பரிந்துரைக்கிறது. அப்புறம், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள் பட்டியலில் குழந்தையையே நேரடியாகச் சேர்த்திருக்கிறது.

எங்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. அப்படியும் இலவச உதவி கிடைக்குமா?

கிடைக்கும். குழந்தை என்பதே தகுதி. வருமானச் சான்றிதழ் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால், அந்த 12ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

எங்கே போய்க் கேட்பது?

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். அதன் செயலாளர் ஒரு நீதிபதி. ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போனில் கேட்பதென்றால் சட்ட உதவிக்கு 15100, குழந்தைகள் உதவிக்கு 1098.

இன்னொரு வழி குழந்தைகள் நலக் குழு. போக்சோ புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இந்தக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் குழுவின் முன் போகும்போது, வக்கீல் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், எழுதியும் கொடுங்கள். குழந்தைக்கு உள்ள உரிமைகளைப் பட்டியலிட்ட "படிவம் அ" என்ற தாளை போலீஸ் உங்களிடம் தர வேண்டும். சட்ட உதவி பெறும் உரிமை அதிலேயே எழுதியிருக்கும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதே எஃப்.ஐ.ஆர். நகலோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

வக்கீல் எப்போது வர வேண்டும்?

முடிந்தவரை சீக்கிரம். மாஜிஸ்திரேட் முன்னால் குழந்தை வாக்குமூலம் கொடுப்பதற்கு முன் வந்துவிட்டால் நல்லது. கோர்ட் வட்டாரத்தில் இன்றும் "164 வாக்குமூலம்" என்றுதான் சொல்கிறார்கள். 2024 ஜூலை 1-இல் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் வந்ததிலிருந்து அது 183ஆம் பிரிவு. பின்னால் விசாரணையில் குழந்தை சொல்வது ஒவ்வொன்றையும் இந்த வாக்குமூலத்தோடுதான் ஒப்பிட்டுக் கேட்பார்கள்.

ஒன்றுக்கு மட்டும் வக்கீலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்: மருத்துவப் பரிசோதனை. எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்கிறது போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு. பெண் குழந்தை என்றால் பெண் மருத்துவர்தான் செய்ய வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூடவே இருக்கலாம். சிகிச்சையும் தடயமும் நேரம் போகப் போகக் கைவிட்டுப் போகும்.

இந்த வக்கீல் கோர்ட்டில் என்னவெல்லாம் செய்ய முடியும்?

இதில் தவறான நம்பிக்கை கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் வக்கீல் பி.பி.யின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டுத்தான் வழக்கில் உதவ முடியும். சாட்சி விசாரணை முடிந்ததும் கோர்ட் அனுமதியோடு எழுத்து மூலம் வாதம் தரலாம். மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக வகுத்தது. பாதிக்கப்பட்டவரின் வக்கீல் தாமாகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. முக்கியமான ஒரு கேள்வி விட்டுப்போகிறது என்றால் பி.பி.யிடம் சொல்லலாம். அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டு போகலாம்.

அப்படியென்றால் வேலை குறைவோ என்று தோன்றும். இல்லை. குழந்தையின் வக்கீலுக்குப் பாதி வேலை வாதாடுவதில் இல்லை, கவனிப்பதில் இருக்கிறது. குற்றப்பத்திரிகை வந்ததும் அதன் நகலும் ஆவணங்களும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும் என்று போக்சோ சட்டமே சொல்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கு நகல் தரச் சொல்கிறது. அதைப் படித்து, சட்டப் பிரிவு குறைத்துப் போடப்பட்டிருந்தால் பிடிப்பது அவர் வேலை. குற்றவாளி ஆசிரியராகவோ உறவினராகவோ இருந்தால் அது கடுமையான வகைக் குற்றம், தண்டனையும் கூடும். அந்தப் பிரிவு விட்டுப்போனால் வழக்கின் எடையே குறைந்துவிடும்.

விசாரணை நாளில் அவர் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதிதான் கேட்பார். மிரட்டும் கேள்விகளுக்கும் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளுக்கும் இடமில்லை. இடையிடையே ஓய்வு தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் திரையோ வீடியோ இணைப்போ வைக்க வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. விசாரணை மூடிய அறையில்தான். காகிதத்தில் எல்லாமே இருக்கிறது. அவசர அவசரமாக நடக்கும் ஒரு கோர்ட் நாளில் இவற்றை நினைவுபடுத்த ஒருவர் எழுந்து நின்றால்தான் அவை நடக்கின்றன.

சாட்சி சொல்லக் குழந்தையைத் தயார் செய்யலாமா? சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவே கூடாது. அது தவறு என்பதோடு வழக்கையும் கெடுக்கும். "அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கமாகக் கேட்கும் கேள்வி. வீட்டில் உட்கார்ந்து சம்பவத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைக்கும் பெற்றோர் உண்டு. பயத்தில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கோர்ட் என்றால் என்ன, அங்கே எப்படிப் பேசலாம் என்று சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம். நல்ல வக்கீல் முன்கூட்டியே ஒருநாள் குழந்தையைக் கூட்டிப்போய் அறையைக் காட்டுவார். நீதிபதி எங்கே உட்காருவார், அம்மா எங்கே இருப்பார், அந்த ஆள் தெரிவாரா தெரியமாட்டாரா என்று சொல்லுவார். கேள்வி புரியவில்லை என்றால் "புரியல" என்று சொல்லலாம், நினைவில்லை என்றால் "ஞாபகம் இல்ல" என்று சொல்லலாம், தண்ணீர் கேட்கலாம், பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லலாம். பெரியவர்கள் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, இப்படியெல்லாம் சொல்ல அனுமதி உண்டு என்று தெரிவதே பெரிய ஆறுதல். உண்மையைச் சொல்வதும் அதனால்தான் எளிதாகிறது.

குடும்பம் ஒன்று நினைக்கிறது, குழந்தை வேறொன்று நினைக்கிறது. வக்கீல் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

குழந்தையின் பேச்சை. "தனி வக்கீல்" என்று நாம் கேட்பதே இதற்காகத்தான்.

தகப்பன் மேலோ சித்தப்பா மேலோ தாத்தா மேலோ புகார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதிக்கிற ஆள் ஜெயிலுக்குப் போனால் குடும்பம் எப்படி நடக்கும் என்ற கவலை தாய்க்கு வரும். பாட்டி பேரப்பிள்ளையிடம் தினமும் அழுவார். அக்காவின் கல்யாணம் நின்றுபோகும் என்பார்கள். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனாலும் விசாரணை வரும்போது குழந்தை பிறழ்சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சியாக, நிற்கும். குடும்பம் பிடித்த வக்கீல் குடும்பம் சொல்கிறபடிதான் நடப்பார். குழந்தையிடம் தனியாக உட்கார்ந்து "உனக்கு என்ன வேணும், எதுக்குப் பயப்படுறே" என்று கேட்க அவருக்குத் தோன்றாமலே போகலாம்.

இப்படி நிலைமை இருப்பது தெரிந்தால் ஆசிரியரோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லலாம். குழு தானாகவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைத்து, பெற்றோரின் வக்கீலிலிருந்து வேறான ஒருவரைக் கேட்க முடியும். குழந்தை வீட்டில் பாதுகாப்பாக இல்லை என்றால் தங்குமிடத்துக்கும் அதே குழுதான் ஏற்பாடு செய்யும்.

குழந்தை சொல்வதையெல்லாம் வக்கீல் அப்படியே செய்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒன்றல்ல. ஆனால் எந்த வயதானாலும், என்ன நடக்கப்போகிறது என்று அந்த வயதுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். குழந்தையின் விருப்பம் என்ன என்று கோர்ட்டுக்கும் தெரிய வேண்டும்.

பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். முடியுமா?

ஊர்ப் பெரியவர்கள் பேசியோ பணம் வாங்கியோ போக்சோ வழக்கை முடிக்க முடியாது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மேல் வந்த வழக்கில், மாணவியின் தகப்பனாரோடு சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளிவிட்டு வழக்கைத் தொடரச் சொன்னது. பிள்ளைக்கு நடந்த கொடுமைக்குத் தகப்பன் ராஜி எழுதிக் கொடுக்க முடியாது. வெற்றுத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள், உடனே வக்கீலிடம் சொல்லுங்கள்.

பெண்ணுக்கு 17 வயது, விரும்பித்தான் போனாள் என்கிறாள். பெற்றோர்தான் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் வக்கீல் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்பது சட்டத்தில் செல்லாது. ஆனாலும் இந்த வழக்குகளின் பாரம் முழுக்க அந்தப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கம் அல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்து சொன்னார். ஒவ்வொரு வழக்கும் அப்படி முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

2025 மே 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மேற்கு வங்க வழக்கை இங்கே சொல்ல வேண்டும். சம்பவத்தின்போது அந்தப் பெண்ணுக்கு 14 வயது. பிறகு அதே ஆளோடு வாழ்ந்து குழந்தையும் பெற்றாள். அவரைச் சிறையிலிருந்து காப்பாற்றக் கோர்ட் கோர்ட்டாக அலைந்தாள். சட்டப்படி அது குற்றம்தான் என்று உறுதிசெய்த நீதிமன்றம், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டது. எல்லாம் தெரிந்து யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பே அவளுக்கு ஆரம்பத்தில் கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு பதிவு செய்தது. குடும்பமும் சமூகமும் சட்ட அமைப்பும் அவளைக் கைவிட்டதாகவும் சொன்னது. தொடக்கத்திலேயே, திட்டாமல், பயமுறுத்தாமல், உனக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்த ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கலாம்.

கர்ப்பமாக இருந்தால்?

நாள் கடத்தாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாவலரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு. மருத்துவர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்ற பயத்திலேயே பலர் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. விருப்பப்பட்ட உறவால் கர்ப்பமான சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் பெயரும் அடையாளமும் இருக்கத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எதிரிக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள், எங்களுக்குத் தெரியவே இல்லை.

தெரிவித்திருக்க வேண்டும். கைது, குற்றப்பத்திரிகை, ஜாமீன், வாய்தா தேதிகள், தீர்ப்பு எல்லாவற்றையும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்பது போக்சோ விதி. ஜாமீன் விசாரணையிலும் பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 2022-இல் லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஜாமீனில் வந்தவர் குழந்தையை நெருங்கினாலோ ஆள் அனுப்பினாலோ, ஜாமீனை ரத்து செய்ய மனு போடலாம். தேதி, நேரம், பார்த்தவர்கள் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு வழக்கு முடிந்த பிறகுதானே?

இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால் குடும்பங்கள் இழப்பது அதிகம். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டு சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம். குற்றவாளி கிடைக்காவிட்டாலும், விடுதலையே ஆனாலும், குழந்தைக்குப் பாதிப்பு ஏற்பட்டது உண்மை என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு பணத்தைத் தர வேண்டும். இதற்கும் முன்னாலேயே, சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்து ஒரு வாரத்துக்குள் பணம் தரும் ஏற்பாடு போக்சோ விதிகளின் 8ஆம் விதியில் இருக்கிறது. கேட்காமல் கிடைப்பது அபூர்வம்.

பணம் குழந்தையின் பெயரில் வர வேண்டும். பெரும் பகுதி 18 வயது வரை வைப்புத்தொகையாக இருப்பது குழந்தையின் நன்மைக்குத்தான். படிப்புக்கோ சிகிச்சைக்கோ முன்பே தேவைப்பட்டால் அதற்கு மனு போட வழி உண்டு.

குழந்தைகள் நலக் குழு ஒரு "ஆதரவு நபரை" நியமித்திருக்கிறது. அவர் போதாதா?

அவர் மிகவும் வேண்டியவர். கூடவே வருவார், குழந்தையோடு பழகுவார், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்வார். ஆதரவு நபர் கிடைப்பது பெற்றோரின் விருப்பத்தை மட்டும் பொறுத்து விடப்படக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆனால் அவர் மனு போட முடியாது, சட்ட ஆலோசனை தர முடியாது. இருவரும் சேர்ந்து வேலை செய்தால்தான் குழந்தைக்குப் பலம்.

வக்கீலிடம் சொல்வது வெளியே போகுமா?

வக்கீலும் கட்சிக்காரரும் பேசுவதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது, சமூக ஊடகத்தில் போடுவதும் குற்றம்தான். இன்னும் புகாரே போகாத நிலையில் வக்கீலைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. அதனால் முதல் சந்திப்பிலேயே இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். தெரிவிக்கவில்லை என்பதற்காகக் குழந்தையை ஒருபோதும் தண்டிக்க முடியாது.

குற்றம் செய்தவரும் 18 வயதுக்குக் கீழ் என்றால்?

அவருடைய வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வக்கீல் பெறும் உரிமை மாறாது.

விடுதலை ஆகிவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் தரப்பே செய்யலாம். இழப்பீடு போதவில்லை என்றும் செய்யலாம். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உள்ள உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இதற்கும் இலவச வக்கீல் தரும். காலக்கெடு உண்டு, எனவே தீர்ப்பு நகலுக்கு அன்றே மனு போடுங்கள்.

இலவச வக்கீல் சரியாக வருவதில்லை, செலவுக்குப் பணமும் கேட்கிறார். என்ன செய்வது?

பணம் கொடுக்காதீர்கள். அவருடைய கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது. அக்கறையோடு ஓடி ஓடி உழைக்கும் இலவச வக்கீல்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அமையவில்லை என்றால் மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க ஒன்றுமில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுத்து மூலம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். என்னென்ன தேதிகளில் வக்கீல் வரவில்லை என்று குறிப்பிடுங்கள். பழைய வக்கீலிடம் உள்ள வழக்குக் கட்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வாய்தா தேதியையும் மனுவிலேயே எழுதி, அதற்குள் புதிய வக்கீல் வக்காலத்து போட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.